அறிந்தே செய்த பிழை

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பேருந்திற் செல்வோர்க்கு யோங் பெங் என்னும் பெயர் ஓர் ஊரின் பெயராக மட்டும் நினைவில் நிற்பதில்லை; இளைப்பாறுதலின் பெயராகவும் நிற்கிறது. பேருந்து நிற்கும், மடங்கிக் கிடந்த கால்கள் நீளும், தேநீரும் மீன் உருண்டையும் வயிற்றுக்குள் போகும். மேற்கே பிரியும் சாலை பாரிட் சூலோங் வழியாக மூவாருக்கு இட்டுச் செல்லும். தெற்கே போனால் ஆயர் ஈத்தாம். அதையும் தாண்டினால் ஜொகூர் பாரு. வழி தவறி வந்தவன்கூட இங்கே தன் தவற்றைத் திருத்திக்கொள்ளலாம். அதற்குக் கடைக்காரரிடம் ஒரு சொல் கேட்டாற் போதும். தரைவழிப் பயணத்திலும் பிழைக்கு விலை உண்டு. ஆயினும் அவ்விலையை வழியில் உள்ள ஊர்களில் தவணை முறையிற் கட்டிவிட முடிகிறது.

கடல் நடுவே யோங் பெங் இல்லை. ஓர் எஞ்சினும் ஒரு திசைகாட்டியும் உடைய சிறு விமானத்தில் பெருங்கடலைக் கடக்கப் புறப்படுவோன் தன் பிழை அனைத்துக்கும் சேர்த்து, ஒரே இடத்தில், ஒரே வேளையில் விலை கொடுத்தாக வேண்டியவன்.

வான்வழிப் பயணத்தின் தொடக்க நாள்களில் இத்தீபகற்பம் ஆஸ்திரேலியாவை நோக்கிச் சென்ற சிறு விமானங்களுக்கு ஒரு நடைபாதையாகவே விளங்கிற்று. 1930 மே மாதத்தில் ஏமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி தனியாளாகப் பறந்துவந்து சிங்கப்பூரில் இறங்கினார். 1937 ஜூன் மாதத்தில் அமெரிக்கரான அமெலியா ஏர்ஹார்ட், தம் வழிகாட்டி பிரெட் நூனனோடு, பாங்காக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்து அதே சிங்கப்பூரில் இறங்கினார். நிலத்தை விட்டு விலகாத வரையில் இவர்களும் ஒருவகையிற் பேருந்துப் பயணியரே. கீழே ஆறு தெரியும், இருப்புப்பாதை தெரியும், கரையோரம் ஓர் அடையாளம் தவறினால் அடுத்த அடையாளம் வரும். நிலம் முடியும் இடத்திலேதான் வேறொரு கேள்வி தொடங்குகிறது. பிழை செய்யாதிருக்கத் தன்னால் இயலாது என்பதை நன்கறிந்த ஒருவன், பிழைக்கு இடமே தராத ஒரு செயலில் இறங்கலாமா? இறங்கலாம் எனின், எத்தகைய ஏற்பாட்டோடு இறங்குவது நேர்மையாகும்?

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. துணிவே மனிதனுக்கு அழகு என்பது ஒன்று. உயிரோடு விளையாடாதே என்பது மற்றொன்று. மேடைகளில் முதல் விடைக்குக் கைதட்டல் மிகுதி. வீடுகளில் இரண்டாம் விடைக்குச் செல்வாக்கு மிகுதி. ஆயினும் இரண்டும் கேள்வியைத் தொடாமலே நழுவிவிடுகின்றன. துணிவைப் போற்றுவோர் கணக்கைக் கேட்பதில்லை. அடங்கியிருக்கச் சொல்வோர் கணக்கைப் போடவே விடுவதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதை ஆசிரியர் எவரும் அறிவர். போருக்குச் செல்லும் வேந்தனுக்குச் சொல்லப்பட்ட அந்நான்கும் கடலைக் கடக்கும் விமானிக்கும் அப்படியே பொருந்தும். எண்ணிப் பார்க்கவேண்டிய வலிமைகளுள் தன் வலிமையும் ஒன்று என்கிறது வலியறிதல். தன் வலிமையை அறிவதென்பது தன் பிழையின் அளவை அறிவதும் ஆகும் என்று பொருள் விரித்தால் அது வலிந்து கொள்ளும் பொருளாகாது. இதற்கு உரை எழுதியதுபோல் வாழ்ந்து காட்டிய ஒருவரின் கதை இங்கே பொருந்தும்.

பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1901இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிற் பிறந்தவர். 1919இல் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து, மரக்காடும் நிலமும் வாங்கி விற்கும் தொழிலிற் பொருளீட்டியவர். 1929இல் விமானம் ஓட்டக் கற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே ‘ஜிப்சி மோத்’ என்னும் ஓர் எஞ்சின் விமானத்தில் இங்கிலாந்திலிருந்து தனியே புறப்பட்டு 1930 ஜனவரி முடிவிற் சிட்னியை அடைந்தார். அதன்பின் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட டாஸ்மன் கடல். அகலம் ஏறத்தாழ 1,200 மைல்.

இக்கடலைத் தனியாளாகக் கடந்த முதல்வர் சிச்செஸ்டர் அல்லர். 1931 ஜனவரி 7ஆம் நாள் கை மென்சீஸ் என்னும் இருபத்தொரு வயது இளைஞர், மேற்கே பெர்த் நகருக்குச் செல்வதாகச் சொல்லிக்கொண்டு சிட்னியிற் புறப்பட்டுக் கிழக்கே கடலுக்குமேல் திரும்பினார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்துக்குப்பின் நியூசிலாந்தின் மேற்குக் கரையில், புல்வெளி என எண்ணி ஒரு சதுப்பில் இறங்கினார், விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது, ஆளுக்குத் தீங்கில்லை. சிரிப்புக்கு இடமளிக்கும் நிகழ்ச்சிதான். எனினும் மென்சீஸிடம் ஒரு சரியான கணக்கு இருந்தது. கடலைத் தாண்ட வேண்டிய பெட்ரோல் அவரிடம் இருந்தது. எதிரே நின்ற நாடோ வடக்குத் தெற்காக ஆயிரம் மைல் நீண்டு கிடப்பது. எவ்வளவு விலகினாலும் ஏதோ ஒரு கரையில் முட்டியே தீர்வார்.

சிச்செஸ்டரின் நிலை வேறு. அவருடைய சிறிய விமானம் 1,200 மைலுக்கு வேண்டிய பெட்ரோலைச் சுமந்து எழாது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்ல அவருக்கு இருந்த வழி ஒன்றே. நடுக்கடலில் உள்ள நார்போக் தீவு, லார்ட் ஹவ் தீவு ஆகிய இரண்டையும் படிக்கட்டுகளாகக் கொண்டு தாவ வேண்டும். அத்தீவுகளில் அந்நாளில் விமானத் தளம் கிடையாது. ஆகவே நியூசிலாந்து விமானப் படையினரிடம் இரவலாகப் பெற்ற மிதவைகளைச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பொருத்தி, நீரில் இறங்குவதற்கு ஏற்பாடு செய்தார். எஞ்சியது ஒரே ஒரு சிக்கல். அத்தீவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நன்று. நியூசிலாந்தின் வடகோடியிலிருந்து நார்போக் தீவு ஏறத்தாழ 480 மைல். தீவின் நீளம் ஐந்து மைல்; அகலம் மூன்று மைல். திசையில் ஒரு பாகை பிசகினால் அறுபது மைல் தொலைவுக்கு ஒரு மைல் வீதம் விலகல் ஏற்படும் என்பது விமானிகள் கையாளும் எளிய வாய்பாடு. அதன்படி ஐந்து பாகைப் பிசகு 480 மைல் முடிவில் நாற்பது மைல் விலகலாகும். இது திசைகாட்டியின் பிசகு மட்டுமே. காற்றோ இன்னும் கொடியது. மணிக்கு எண்பது மைல் வேகத்திற் செல்லும் விமானத்தை, மணிக்கு இருபது மைல் வேகமுள்ள பக்கக் காற்று ஆறு மணி நேரத்தில் 120 மைல் தள்ளிவிடும். அலைகளைப் பார்த்துக் காற்றை மதிப்பிடலாம். ஆனால் மதிப்பீடு மதிப்பீடேயன்றி அளவாகாது. வானொலி வழிகாட்டுதலும் அவரிடம் இல்லை.

நேராகத் தீவையே குறிவைத்துப் பறப்பதாகக் கொள்வோர்க்கு நேர்வது என்ன? குறித்த நேரம் முடிகிறது, சுற்றிலும் நீர். தீவு வலப்பக்கம் இருக்கிறதா, இடப்பக்கம் இருக்கிறதா? தெரியாது. வலப்புறம் தேடிப் பார்த்துவிட்டுப் பின்னர் இடப்புறமும் தேடப் பெட்ரோல் போதாது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். இத்தனைக்கும் அவ்விமானி செய்த பிழை மிகச் சிறியதாக இருக்கலாம். சிறிய பிழையே ஆயினும் அது எப்பக்கத்துப் பிழை என்று தெரியாமையே கொல்கிறது.

சிச்செஸ்டர் கண்ட வழி, தீவைக் குறிவைக்காமல் இருப்பது.

தம்மால் நேரக்கூடிய மிகப் பெரும் பிழை எவ்வளவு என்று முதலில் மதிப்பிட்டார். பிறகு அதனினும் மிகுதியான அளவுக்குத் தீவுக்கு ஒரு பக்கமாக விலகிச் செல்லும் வழியைத் தாமே வகுத்துக்கொண்டார். காற்று எவ்வளவு தள்ளினாலும், திசைகாட்டி எவ்வளவு பிசகினாலும், அவர் இருப்பது தீவுக்கு அந்தப் பக்கமாகவே இருக்கும். எங்கே திரும்புவது என்பதைச் சூரியன் சொல்லும். ஒரு குறிப்பிட்ட நொடியில் சூரியன் ஒரே உயரத்தில் தோன்றும் இடங்கள் யாவும் நிலவுலகின்மேல் ஒரு பெருவட்டமாக அமையும். அவ்வட்டத்தின் சிறு பகுதியை நேர்க்கோடாகவே கொள்ளலாம். தீவின்மேற் செல்லும் அக்கோட்டைப் புறப்படுமுன்னரே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பறக்கும்போது செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியாற் சூரியனின் உயரத்தை அளந்தால், கோட்டை எட்டிய நேரம் தெரியும். எட்டியவுடன் திரும்பி, கோட்டை விடாமற் பிடித்துச் சென்றால் தீவு எதிரே வந்தாக வேண்டும். திறந்த இருக்கையிற் காற்று முகத்தில் அறைய, ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டு மறு கையால் சூரியனை அளந்து, முழங்காலின்மேல் வைத்த ஏட்டில் மடக்கை வாய்பாட்டுக் கணக்குகளைப் போட்டவர் அவர். மேசையின்முன் அமர்ந்தே அக்கணக்கில் தடுமாறுவோர் பலர் என்பது கணித ஆசிரியர்க்குத் தெரிந்ததே.

1931 மார்ச் 28ஆம் நாள் அவர் நியூசிலாந்தின் வடகோடியை விட்டுப் புறப்பட்டார். கோட்டை எட்டிய வேளையில் திரும்பினார். அத்திருப்பத்தைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதியிருப்பது பொருட்படுத்தத் தக்கது. மணிக்கணக்காக ஒரே திசையிற் சென்றபின், எவ்வித அடையாளமும் இல்லாத நடுக்கடலில் திடீரென ஏறத்தாழ செங்கோணத்தில் திரும்புவதற்கு அவருடைய இயல்பறிவு முழுவதும் எதிர்த்து நின்றதாம். நம்பிக்கை குலைந்த ஓர் உணர்வு பற்றிக்கொண்டதாம். திரும்பிய பிறகும் கீழே இருந்தது அதே நீர்தான். முன்னே இருந்ததும் அதே வெறுவெளிதான். கணக்கைத் தவிர அத்திருப்பத்துக்குச் சான்று எதுவுமில்லை. ஆயினும் அவர் திரும்பிய திசையிலேயே சென்றார். நார்போக் தீவு எதிரே எழுந்தது.

இந்த உத்தி முற்றிலும் புதியதன்று. பழைய மாலுமிகள் துறைமுகத்தின் அகலக்கோட்டை ஒரு பக்கமாக விலகிச் சென்று தொட்டு, பின்னர் அக்கோட்டைப் பிடித்துக்கொண்டே துறையை அடைவதுண்டு. வங்கக் கடலைக் கடந்து கடாரம் நோக்கி வந்த கலங்களுக்குக் கெடாவின் ஜெராய் மலை நெடுந்தொலைவிலிருந்தே தெரிந்த அடையாளம். மலை நிற்கும் கரைக்கு வருவோர் பேறு பெற்றோர். ரஜூலா கப்பலின் தட்டிற் படுத்துவந்த தலைமுறையும் கடலைக் கடந்த தலைமுறையே. ஆனால் அவர்களுக்காக வழியை எண்ணியவர் மேல்தளத்தில் நின்ற வேறொருவர். சிச்செஸ்டரின் தனித்தன்மை, எண்ணியவரும் கடந்தவரும் ஒருவராகவே இருந்தது. தம் பிழையைத் தாமே அளந்து, அந்த அளவையின்மேல் தம் உயிரை வைத்தார்.

இனி, இம்முறைக்கு எதிராக எழக்கூடிய மறுப்பைப் பார்க்க வேண்டும். தமிழில் ‘நேர்’ என்னும் சொல்லிலிருந்தே ‘நேர்மை’ பிறந்தது. கோடாத வழியே அறவழி, கோடுதலே குற்றம். தோட்டத்து நிரைகளைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு நேர்க்கோட்டின் அழகை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யோங் பெங் வட்டாரத்தில் ரப்பரும் அதன்பின் வந்த செம்பனையும் கயிறு பிடித்தாற்போல் வரிசையாக நிற்கின்றன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, தனக்கு ஒதுக்கிய நிரையிற் பால்மரம் சீவிக்கொண்டே போகும் தொழிலாளி வழி தவற இயலாது. அப்படியிருக்க, போகவேண்டிய இடத்தை விட்டு வேண்டுமென்றே விலகிக் குறிவைப்பது ஏமாற்றின் ஒரு வகையாகாதா?

ஆகாது என்பதற்குக் காரணம் உண்டு. நிரையிற் செல்பவனுக்கு நேர்க்கோட்டை முன்பே வேறொருவர் போட்டு வைத்திருக்கிறார். கடல்மேற் செல்பவனுக்கு அது மனத்தில் மட்டுமே இருக்கிறது. தன் மனத்தில் உள்ள கோட்டிலேயே தன் விமானமும் செல்கிறது என்று நம்புவதிற்றான் பொய் நுழைகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குத்தி ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லும் விமானி, அறிந்ததற்கு மேலாகச் சொல்கிறான். ‘இக்கோட்டின்மேல், தீவுக்கு இந்தப் பக்கத்தில், எங்கோ இருக்கிறேன்’ என்று சொல்பவன் அறிந்ததை அறிந்த அளவுக்கே சொல்கிறான். பின்னவன் சொல் மங்கலாகத் தோன்றலாம். ஆனால் அதில் கலப்பில்லை. வகுப்பறையில் விடை ஒன்றே ஒன்றாக, பின்னப் புள்ளிவரை சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ‘இதற்கும் இதற்கும் இடைப்பட்டது’ என்று எழுதும் மாணவனுக்குப் பெரும்பாலும் சுழிதான். துல்லியமாகத் தோன்றுவதும் உண்மையாக இருப்பதும் ஒன்றெனப் பிள்ளைகள் எண்ணத் தொடங்குவது ஒருகால் அங்கேதானோ என்னவோ.

அமெலியா ஏர்ஹார்ட்டின் முடிவை இவ்விடத்தில் எண்ணாதிருக்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து பண்டுங், கூப்பாங், டார்வின் வழியாக நியூகினியின் லே என்னும் ஊரை அவர் அடைந்தபோது உலகப் பயணத்தில் 22,000 மைல் முடிந்திருந்தது. எஞ்சியது பசிபிக் கடலின்மேல் 7,000 மைல். 1937 ஜூலை 2ஆம் நாள் காலை, இரண்டு எஞ்சின் கொண்ட லாக்ஹீட் எலெக்ட்ரா விமானத்தில் ஏறத்தாழ 1,100 காலன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு நூனனோடு எழுந்தார். குறி, 2,550 மைலுக்கு அப்பாலுள்ள ஹவ்லண்டு தீவு. அதன் நீளம் ஒன்றரை மைல். அகலம் அரை மைல். உயர்ந்த இடமே இருபதடி அளவில்தான். அவர் இறங்குவதற்கென்றே அங்கு ஓடுபாதைகள் அமைக்கப்பட்டிருந்தன. ‘இட்டாஸ்கா’ என்னும் கரைக்காவற் கப்பல் காத்து நின்றது. நூனனோ பசிபிக் வான்வழிகளை வகுப்பதிற் பங்குகொண்டவர். விண்மீன்களையும் சூரியனையும் கொண்டு வழிகாணும் கலையிற் பெயர் பெற்றவர். சிச்செஸ்டருக்கு இல்லாதிருந்த வானொலியும் திசையறி கருவியும் இவர்களிடம் இருந்தன.

இருந்தும் என்ன? தந்திக் குறியீடு இருவருக்குமே நன்கு கைவந்ததன்று. நீள் அலைக்குரிய தொங்கு கம்பியை எடுத்து வைத்துவிட்டே பயணம் தொடங்கியிருந்தது. கப்பலார் ஒரு முறையை எதிர்பார்த்தனர். விமானத்தார் வேறொரு முறையை எண்ணியிருந்தனர். ஏர்ஹார்ட்டின் குரல் கப்பலுக்குத் தெளிவாகக் கேட்டது. கப்பலின் குரல் அவருக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்ட அலைவரிசையிற் கப்பல் அனுப்பிய ஒலி ஒருமுறை அவரை எட்டிற்று. ஆனால் அது வரும் திசையை அவருடைய கருவியால் அறிய இயலவில்லை. கப்பலின் அருகிலேயே இருக்க வேண்டும், ஆனால் காண முடியவில்லை, பெட்ரோல் குறைகிறது என்பது ஒரு செய்தி. 157–337 என்னும் கோட்டின்மேல் இருப்பதாகவும், வடக்கும் தெற்குமாகப் பறந்துகொண்டிருப்பதாகவும் கூறியது கடைசிச் செய்தி.

அக்கோடு எது என்பதைச் சிச்செஸ்டரின் கதையை அறிந்தவர் உடனே உணர்வர். அன்று காலை சூரியன் எழுந்த திசைக்குக் குறுக்கே, தீவின் வழியாகச் செல்லும் கோடு அது. அவர்கள் கோட்டை எட்டியிருந்தனர் என்றே கொள்ள இடமிருக்கிறது. வடக்கும் தெற்குமாக என்னும் சொற்களிலேதான் துயரம் அடங்கிக் கிடக்கிறது. தீவு தமக்கு எப்பக்கத்தில் இருக்கிறது என்பதை அவ்வேளையில் அவர்கள் உறுதியாக அறிந்திருக்கவில்லை. நூனன் ஒரு பக்கமாக விலகிக் குறிவைத்தாரா, வானொலி கைகொடுக்கும் என்று நம்பி நேராகவே வந்தாரா என்பதை எவராலும் கண்டறிய முடிந்ததில்லை. இருவரையும் இழித்துப் பேசுவது எளிது, பேசுவோர் பலருண்டு, கரையில் அமர்ந்து கணக்குப் பார்ப்போர்க்குக் காற்று அடிப்பதில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கருவி மிகுந்தபோது, பிழை தமக்கு நேராது, நேர்ந்தாலும் கருவி திருத்திவிடும் என்னும் எண்ணம் எத்துணைத் தேர்ந்தவரிடத்தும் நுழையக்கூடும். சிச்செஸ்டரிடம் கருவி இல்லை. ஆகையாற் பிழையை ஒரு சரக்காகவே விமானத்தில் ஏற்றிச் செல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சிச்செஸ்டர் தனியே சென்றார். ஏர்ஹார்ட்டின் திட்டத்தில் நூனனின் உயிரும் இருந்தது. அவர் விரும்பியே வந்தார் என்பது உண்மை. விமானம் காணாமற் போனபின் ‘இட்டாஸ்கா’வோடு ‘கொலராடோ’ போர்க்கப்பலும், ‘லெக்சிங்டன்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தேடின. தேடிய பரப்பு இரண்டரை இலட்சம் சதுர மைல் என்பர். என் உயிர், என் விருப்பம் என்று சொல்லிப் புறப்படுவோனுக்கும் தேடிவரும் கப்பல்களில் உள்ள மாலுமிகள் பெயர் தெரியாத உறவினராகிவிடுகின்றனர். தன் பிழையைத் தானே அளந்து வைப்பது தன்மேல் உள்ள கடமை மட்டுமன்று, அம்மாலுமிகள்மேல் உள்ள கடமையுமாகும்.

ஆனால் இந்த அடக்கத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். விலகிக் குறிவைப்பவன் சுற்றிப் போகிறான். சுற்றிப் போவதற்குப் பெட்ரோல் வேண்டும். தீவை நேராகச் சென்றடைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கலத்தில் உள்ளவன், சிச்செஸ்டரின் முறையைக் கற்றிருந்தும் கையாள முடியாது. அவன் நேராகவே போயாக வேண்டும். குறி தவறினாற் கடல்தான். தன் பிழையை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப நடக்கும் உரிமை, கையிருப்பு உள்ளவர்க்கே கிட்டுகிறது. அறநூல்கள் அடக்கத்தை எல்லார்க்கும் பொதுவாக வைத்துப் பேசுகின்றன. கையில் ஒன்றுமில்லாதவனிடம், ‘நீ எண்ணித் துணிந்திருக்க வேண்டும்’ என்று பிறகு வந்து சொல்வது எவ்வளவு எளிது!

இது வானத்துச் செய்தியாகவே இருந்துவிட்டால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியிலும் அதன் பின்னரும் இந்நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, லயத்தையும் வேலையையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் இத்தகைய விமானத்திலேதான் இருந்தன. நேர்க்கோடு ஒன்றே ஒன்று இருந்தது. பெரட்டு, நிரை, பால், மாதச் சம்பளம். அது அறுந்தபோது வலப்புறம் திரும்புவதா, இடப்புறம் திரும்புவதா என்று பார்க்க ஒரு மாதத்துக்கு வேண்டிய அரிசிகூட மிகுதியாக இருக்கவில்லை. அவர்கள் திட்டமிடத் தெரியாதவர்கள் என்று பட்டணத்துப் படித்தவர்கள் சொன்னதுண்டு. நாள்தோறும் விடியலில் வானத்தைப் பார்த்து, மழை வருமா வராதா, நனைந்த பட்டையிற் கத்தி வைத்தால் பால் வழிந்து வீணாகுமா என்று எண்ணித் தொழில் செய்தவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் இது!

அந்நிலையில் 1960ஆம் ஆண்டு வீ. தி. சம்பந்தன் முன்னின்று தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் அடிப்படைக் கருத்து, சிச்செஸ்டரின் கணக்கோடு ஒத்திருப்பது வியப்புக்குரியது. தொழிலாளி ஒவ்வொருவரும் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரராவது. சேர்ந்த தொகையைக் கொண்டு விலைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்குவது. தனியொருவர் கையிருப்பாக ஆகமுடியாத பத்து வெள்ளி, பலர் கூடியவிடத்து எதிர்பாராத காற்றுக்கென ஒதுக்கிய பெட்ரோலாயிற்று. அச்சங்கத்தின் பிற்கால வரலாற்றில் நிறைகுறை பேச இடமுண்டு. அது வேறு பேச்சு. தோட்டம் விற்கப்படும் நாள் வருமுன்னரே, அது வரும் என்று எண்ணிப் பத்து வெள்ளியை எடுத்து வைத்த மனத்தைத்தான் இங்கே கருத வேண்டும். அம்மனத்துக்கு எழுத்தறிவு குறைவாக இருந்திருக்கலாம். பிழைக்கு இடம் வைக்கும் அறிவு குறைவாக இருந்ததில்லை.

சிச்செஸ்டரின் கதைக்கு இன்னும் கொஞ்சம் மீதியுண்டு. நார்போக்கிலிருந்து ஐந்நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள லார்ட் ஹவ் தீவையும் அவர் அதே முறையிற் கண்டடைந்தார். காயலில் விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு உறங்கப் போனார். இரவில் எழுந்த சூறைக்காற்று அதைக் கவிழ்த்து நொறுக்கிவிட்டது. கடல்மேல் வீசும் காற்றுக்கெல்லாம் கணக்கு வைத்தவர், சேர்ந்த இடத்திற் கட்டிவைத்தபின் வீசும் காற்றுக்குக் கணக்கு வைக்கவில்லை. தீவினர் துணையோடு, இறக்கைகள் உட்பட அனைத்தையும் அவரே மீண்டும் கட்டினார். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று.

1931 ஜூன் 6ஆம் நாள் ஆஸ்திரேலியா நோக்கி எழுந்தார். இம்முறை பக்கம் பார்த்து விலகவேண்டிய தேவை இருக்கவில்லை. எதிரே இருந்தது ஒரு கண்டம். அதைத் தவறவிட எவராலும் இயலாது. குறி சிட்னி. வழியில் புயலும் மழையும் எஞ்சின் கோளாறும் சேர்ந்து அலைக்கழித்தன. கடைசியிற் கரை தெரிந்து, போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற ஒரு விரிகுடாவில் அவர் இறங்கினார். அது ஜெர்விஸ் விரிகுடா. சிட்னிக்குத் தெற்கே எண்பது தொண்ணூறு மைல்.